வளைவு பிறகு கட்டலாம்: ஊர்ப் பள்ளிக்கூடங்களில் எதை முதலில் சரி செய்வது

யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூற்றாண்டு விழா வருகிறது என்றாலோ, கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ பழைய மாணவர்கள் ஒரு தொகை அனுப்புகிறார்கள் என்றாலோ, முதல் கூட்டத்திலேயே யாராவது எழும்பி வாசலில் ஒரு வரவேற்பு வளைவு கட்டுவோம் என்று சொல்வார். வளைவு ஏற்கெனவே இருந்தால் நிறுவுநருக்குச் சிலை. சிலையும் இருந்தால் மேடைக்கு மாபிள். வலிகாமத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் அபிவிருத்திச் சங்கத்தில் சில வருடங்கள் செயலாளராக இருந்தேன், என் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் நானும் வளைவுக்குக் கை உயர்த்தினேன். அந்த வருடம் முழுக்க ஒன்பதாம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லை, அது கூட்ட அறிக்கையில் ஒரு வரியாகக்கூட வரவில்லை.

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் ஊரில் பிள்ளைகள் கூடுகிறார்கள், பள்ளிக்கூடங்களைச் சரி செய்ய வேண்டும், கொஞ்சம் ஆட்களும் கொஞ்சக் காசும் இருக்கிறது என்றால் எதை முதலில் தொடுவது, எதைப் பிறகு தொடுவது, எந்தக் கதவைத் தட்டுவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்துப் படலைக்கு வெளியே வந்து பாருங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன: யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம். ஒவ்வொரு வலயமும் கோட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு எப்போதும் தாங்கள் படித்த பள்ளிக்கூடம் மட்டுமே கண்ணில் தெரியும், பழைய மாணவர் சங்கங்களும் அப்படியே இயங்குகின்றன. ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தில் வாங்கு போதாமல் பிள்ளைகள் நெரிபடுவதற்கான காரணம் பெரும்பாலும் அதே வளவுக்குள் இருக்காது. அரைக் கட்டை தூரத்தில் இருக்கிற இன்னொரு பள்ளிக்கூடத்தில் இருக்கும். அங்கே ஆசிரியர் இல்லை, மலசலகூடம் சரியில்லை, பெறுபேறு வராது என்று தாய் தகப்பன் முடிவு செய்துவிட்டார்கள், அதனால் காலை ஆறரைக்கே பிள்ளையை ஆட்டோவில் நெருக்கி ஏற்றி ரவுணுக்கு அனுப்புகிறார்கள்.

பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கம் 1990இல் ஊரை விட்டு எழும்பிய குடும்பங்கள் காணி விடுபட விடுபடத் திரும்பி வருகின்றன, அங்கே பள்ளிக்கூடம் மறுபடி பூச்சியத்தில் இருந்து தொடங்குகிறது. கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வீடு மேல் வீடாக நிறைகிறது. தீவுப் பக்கம் போனால் ஒரு வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகள் இருக்கிற பள்ளிக்கூடத்தையும் காணலாம். ஒரே மாவட்டத்துக்குள் இத்தனையும் நடக்கும்போது வளர்ச்சி என்ற சொல்லை வைத்துக்கொண்டு நிறைந்த பள்ளிக்கூடத்துக்கே மேலும் ஒரு மாடி கட்டினால், அடுத்த வருடம் அந்த மாடியும் நிறைந்துவிடும், பக்கத்துப் பள்ளிக்கூடம் இன்னும் கொஞ்சம் வெறிச்சோடும். கிட்டடிப் பள்ளிக்கூடத்தைத் தாய் தகப்பன் நம்பும்படி செய்வதுதான் இந்த வேலை முழுவதும். மற்ற எல்லா முடிவையும் இந்த ஒன்றை வைத்தே எடுங்கள்.

அதற்கு ஒரு கொப்பி வேண்டும். உங்கள் வீட்டில் இருந்து மூன்று கிலோமீற்றருக்குள் உள்ள எல்லா அரச பள்ளிக்கூடங்களையும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் என்ன வகை என்று குறியுங்கள்: உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளது 1ஏபி, கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி, சாதாரண தரத்தோடு நிற்பது வகை 2, அதற்குக் கீழே நிற்பது வகை 3. தேசிய பாடசாலையா மாகாணப் பாடசாலையா என்பதையும் குறியுங்கள், ஏனென்றால் 1987இல் 13ஆவது திருத்தம் வந்த பிறகு மாகாணப் பாடசாலைகள் மாகாண சபையின் கீழ் வருகின்றன, தேசிய பாடசாலைகள் கொழும்பில் உள்ள கல்வி அமைச்சின் கீழ் நிற்கின்றன. இது தெரியாமல் எழுதிய கடிதம் ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்கு மாதக் கணக்கில் அலையும்.

பிறகு கடந்த ஐந்து வருடத்தில் முதலாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் எழுதுங்கள். அதிபரிடம் மரியாதையாகக் கேட்டால் சொல்வார், வருடா வருடம் பாடசாலைத் தொகைமதிப்புக்கு அவர் நிரப்பிக் கொடுக்கிற கணக்குத்தான் இது. இந்த ஐந்து எண்களும் இறங்கிக்கொண்டே போனால், அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் ஊருக்கு நம்பிக்கை போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கே இறங்குகிறதோ அங்கே முதலில் போங்கள்.

வகுப்பில் ஆசிரியர் நிற்கிறாரா

இதுதான் முதல் வேலை. கட்டடம், கணினி, வெள்ளைப்பலகை எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் அனுமதிக்கப்பட்ட ஆளணி என்று ஒரு எண்ணிக்கை உண்டு. அதில் எத்தனை பேர் நியமனத்தில் இருக்கிறார்கள் என்பது இரண்டாவது எண். இன்று காலை எத்தனை பேர் வகுப்பில் நிற்கிறார்கள் என்பது மூன்றாவது எண். அலுவலகங்களில் பேசப்படுவது முதல் இரண்டும்தான். பிள்ளைக்குத் தேவை மூன்றாவது. இடையில் என்ன நடக்கிறது என்றால், ஆசிரியர் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆளணியில் இருப்பார், இணைப்பு என்று சொல்லி வேறு பள்ளிக்கூடத்தில் வேலை செய்வார், ஆகவே தாளில் வெற்றிடம் இல்லை, அந்த இடத்துக்கு வேறு யாரையும் போடவும் முடியாது. இன்னொரு வகையும் உண்டு: எண்ணிக்கை சரியாக இருக்கும், பாடம் சரியாக இருக்காது. சமயமும் வரலாறும் படிப்பிக்க நாலு பேர் இருப்பார்கள், விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஒருவரும் இருக்கமாட்டார்கள், கடைசியில் வரலாற்று ஆசிரியர் விஞ்ஞானப் புத்தகத்தை வாசித்துக் காட்டிவிட்டுப் போவார். அவர் மேல் பிழை இல்லை, அவரால் செய்யக்கூடியது அதுதான்.

ஆகவே கொப்பியில் பாட வாரியாக எழுதுங்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை மாதமாக ஆசிரியர் இல்லை, அந்தப் பாட நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள். "ஆசிரியர் பற்றாக்குறை உள்ளது" என்று எழுதிய கடிதத்துக்கு "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று பதில் வரும், அதோடு சரி. "பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு ஜனவரியில் இருந்து ஆசிரியர் இல்லை, வாரத்துக்கு இத்தனை பாடவேளை வெறுமையாகப் போகிறது, இதே கோட்டத்தில் இன்ன பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு ஒருவர் மிகையாக இருக்கிறார்" என்று எழுதினால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம். ஆளின் பெயரை எழுத வேண்டாம். ஆசிரியர் எதிரி இல்லை, அவருக்கும் வீடும் பிள்ளையும் இருக்கிறது. எண்ணை மட்டும் எழுதுங்கள்.

கடிதம் அதிபர் வழியாகக் கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கு, பிரதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. அங்கே அசையாவிட்டால் மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கு. வருடாந்த இடமாற்றம் ஜனவரியில் நடைமுறைக்கு வருகிறது என்பதால் டிசம்பரில் ஓடுவதில் பிரயோசனம் இல்லை, பட்டியல் அதற்கு முன்னமே தயாராகிவிடும். இரண்டாம் தவணையிலேயே கடிதம் போய்ச் சேர வேண்டும். ஒன்றுக்கும் பதில் இல்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, கொடுக்க முடியுமா முடியாதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கேள்வி மூன்று போதும்: இந்தக் கோட்டத்தில் பள்ளிக்கூட வாரியாக அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, நியமனத்தில் எத்தனை, இணைப்பில் வேறிடத்தில் வேலை செய்பவர்கள் எத்தனை. நீங்கள் சண்டைக்கு வரவில்லை என்று முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லிவிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. பல அதிகாரிகளுக்கு உள்ளுக்குள் இது ஒரு உதவி, ஊர் கேட்கிறது என்று காட்டித்தான் அவர்களாலும் மேலிடத்தில் கேட்க முடியும்.

பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவும் கூடுகிற இடத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களும் திணைக்களத் தலைவர்களும் ஒன்றாக இருப்பார்கள். 2018 ஒக்ரோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு, ஊர்ப் பிரச்சினையைக் கொண்டுபோய்க் கொடுக்க மாகாண சபை உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத நிலையில் இந்தக் குழுக்களின் தேவை கூடிவிட்டது. உங்கள் கொப்பியில் இருந்து ஒரு பக்கத்தை, ஒரே ஒரு பக்கத்தை, அங்கே போகிற ஒருவரின் கையில் கொடுங்கள்.

வந்த ஆசிரியரைத் தக்க வைப்பது அடுத்த பாதி, அதில் ஊரால் செய்யக்கூடியது நிறைய. நெடுந்தீவுக்குப் போகிற ஆசிரியர் குறிகட்டுவானில் படகு ஏறி ஒரு மணி நேரம் கடலில் போக வேண்டும், கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அவருக்குத் தங்குவதற்குப் பூட்டக்கூடிய ஒரு அறை, சுத்தமான தண்ணீர், இரவில் வெளிச்சம் இருந்தால் வாரத்தில் நாலு நாள் அங்கேயே நிற்பார். தரைப் பக்கத்திலும் அப்படித்தான். பஸ் எட்டே காலுக்குத்தான் வரும், பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கும் என்றால் அவர் எந்த வழியில் வருவார்? டிப்போவில் போய் அந்த ஒரு பஸ்ஸை அரை மணி நேரம் முன்னுக்கு எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. வளைவுக்குச் சேர்த்த காசில் ஆசிரியர் விடுதிக்கு இரண்டு அறை திருத்தலாம். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறவர்கள் இதைத் தயவுசெய்து யோசியுங்கள், அந்த அறையின் கதவில் உங்கள் அம்மாவின் பெயரைப் பொறித்தால் வளைவில் பொறித்ததை விட அவர் சந்தோஷப்படுவார்.

தொண்டர் ஆசிரியர் பற்றி ஒரு வார்த்தை. போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர்களில் பலர் சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு சின்னக் கொடுப்பனவுக்கு வருடக் கணக்கில் வேலை செய்தார்கள். வெற்றிடத்தை நிரப்ப நீங்களும் ஒருவரை அப்படி எடுக்க வேண்டி வரலாம். எடுத்தால் எவ்வளவு காலத்துக்கு, மாதம் எவ்வளவு, எந்தத் திகதியில் கொடுப்போம் என்று எழுத்தில் கொடுங்கள், அரச நியமனம் கிடைக்கும் என்று ஆசை காட்டாதீர்கள்.

மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு அடுத்தது வாசிப்பு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தார்கள் என்பதைத்தான் எங்கள் ஊர் பள்ளிக்கூடத்தின் அளவுகோலாக வைத்திருக்கிறது, மதிலில் பிள்ளைகளின் படத்தோடு பதாகை தொங்கும். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவர்கள் பாடுபட்டுப் படித்தவர்கள். ஆனால் அந்தப் பரீட்சை வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பனவு கொடுத்து நல்ல பள்ளிக்கூடத்தில் சேர வழி செய்வதற்காக வந்தது, இன்று சின்னப் பள்ளிக்கூடத்தில் இருக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் ரவுணுக்கு எடுத்துக்கொண்டு போகிற வேலையையும் அதுவே செய்கிறது. பதாகையில் இல்லாத பிள்ளைகள் அங்கேயே மிஞ்சுகிறார்கள். அவர்களுக்கு வாசிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

நாங்கள் ஒருமுறை கேட்டுப் பார்த்தோம். அதிபரின் சம்மதத்தோடு வேப்பமரத்தடியில் இரண்டு கதிரை போட்டு, நாலாம் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னோம். செலவு பூச்சியம், அரசாங்கம் 1980இல் இருந்து இலவசமாகக் கொடுக்கிற பாடப்புத்தகம்தான் அது. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். நாலு கூட்டமாகப் பிரித்தோம்: எழுத்திலேயே தடுமாறுகிறவர், எழுத்து தெரியும் சொல் வராதவர், சொல் வரும் வசனம் வராதவர், பந்தியைத் தடையில்லாமல் வாசித்து என்ன கதை என்று சொல்லக்கூடியவர். ஆறாம் வகுப்பில் ஒரு பையன் "கொ" வில் இருக்கிற கொம்பையும் அரவையும் தனித்தனியாக வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவன் ஐந்து வருடம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வந்தவன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியவை: பிள்ளையை மற்றவர்களுக்கு முன்னால் வாசிக்க வைக்காதீர்கள். பெறுபேற்றில் பெயர் போட்டு ஒட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள். ல, ள, ழ உச்சரிப்பில் பிழை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், வசனம் விளங்குகிறதா என்பதுதான் கேள்வி. கண் தெரியாமல் தடுமாறுகிற பிள்ளையும் இருக்கும், அவர்களைத் தனியாகக் குறித்து, பள்ளிக்கூட மருத்துவப் பரிசோதனைக்கு வருகிற சுகாதார வைத்திய அதிகாரியிடம் சொல்லுங்கள்.

பிறகு நாளுக்கு நாற்பது நிமிடம், வகுப்பு பார்க்காமல் அந்த நாலு கூட்டமாக இருத்தி வாசிக்கப் பழக்குங்கள். யார் பழக்குவது என்று கேட்பீர்கள். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் காத்திருக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் வீட்டில் இருக்கிறார்கள், மாதக் கணக்கில். அவர்களில் ஐந்து பேரைப் பிடியுங்கள். ஆரம்பப் பிரிவுக்கான ஆசிரிய ஆலோசகர் வலயத்தில் இருப்பார், அவரைக் கூப்பிட்டு ஒரு சனிக்கிழமை அந்த ஐந்து பேருக்கும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று காட்டச் சொல்லுங்கள். வகுப்பு ஆசிரியரை ஒதுக்கிவிட்டு இதைச் செய்தால் அது மூன்று வாரத்தில் நின்றுவிடும், அவர் முன்னுக்கு நிற்க வேண்டும், மற்றவர்கள் அவருக்குக் கை உதவி. தவணைக்கு ஒருமுறை மறுபடி அதே மரத்தடிச் சோதனை.

நூலக அலுமாரியும் திறந்திருக்க வேண்டும். 1981இல் எங்கள் பொது நூலகம் எரிந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிற சனம் நாங்கள். எத்தனை பள்ளிக்கூடங்களில் புத்தகம் தொலைந்துவிடும் என்ற பயத்தில் அலுமாரி பூட்டியே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். தொலையட்டும். பத்துப் புத்தகம் தொலைந்தால் பத்துப் பிள்ளைகளின் வீட்டில் புத்தகம் இருக்கிறது.

ரியூசன் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. ரியூசனை நிறுத்த உங்களால் முடியாது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பள்ளிக்கூடத்திலேயே பாடம் நடக்கிறது என்று தெரிந்தால் கீழ் வகுப்புப் பிள்ளைகளை அனுப்புவது தானாகக் குறையும்.

தண்ணீரும் மலசலகூடமும்

மூன்றாவது இது, சில பள்ளிக்கூடங்களில் இதுவே முதலாவது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, எல்லாம் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீர்தான், மலக்குழியில் இருந்து கசிவது கிணற்றுக்குப் போய்ச் சேர அந்தக் கல்லில் வெடிப்பு நிறைய உண்டு. வலிகாமத்துக் கிணறுகளில் உரத்தாலும் குழிகளாலும் நைத்திரேற்று கூடியிருப்பது பழைய செய்தி, சுன்னாகப் பக்கம் கிணற்றில் எண்ணெய் மிதந்த கதையும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே பள்ளிக்கூடக் கிணற்று நீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் சோதிக்கச் சொல்லுங்கள், மாரி மழைக்குப் பிறகு ஒருமுறை, கோடையில் ஒருமுறை. அறிக்கை வரும் வரை குடிதண்ணீருக்கு வேறு வழி செய்யுங்கள்.

மலசலகூடத்தை நீங்களே போய்ப் பாருங்கள், அதிபரின் அறைக்குப் பக்கத்தில் உள்ளதை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பாவிப்பதைப் பாருங்கள். கதவில் கொழுக்கி இருக்கிறதா, உள்ளே தண்ணீர் வருகிறதா, பெண் பிள்ளைகளுக்கு மூடியுள்ள குப்பை வாளி இருக்கிறதா. ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாட்கள் வராமல் விடுவதற்குக் கொழுக்கி இல்லாத ஒரு கதவே காரணமாக இருக்கும், கொழுக்கியின் விலை ஒரு சோடாப் போத்தல் அளவு. இதை அம்மாமாரிடம்தான் கேட்க வேண்டும், ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், ஆகவே இரண்டு அம்மாமாரைத் தனியாகப் பொறுப்பாக்குங்கள். புதிதாக நாலு மலசலகூடம் கட்டுவதற்கு முன்னர் இருக்கிறதைக் கழுவுவதற்கு ஒருவருக்கு மாதாமாதம் காசு கொடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் கட்டினால் ஒரு வருடத்தில் எல்லாம் பூட்டியிருக்கும்.

சாப்பாட்டையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளை காலைக் கூட்டத்தில் மயங்கி விழுவதை நான் கண்டிருக்கிறேன். அரசாங்கத்தின் உணவுத் திட்டம் நடக்கும் பள்ளிக்கூடத்தில் சமைக்கிற அம்மாவுக்குக் காசு காலத்துக்கு வருகிறதா என்று விசாரியுங்கள், பிந்தினால் அவர்தான் கடைக்காரனிடம் கடன் சொல்லி நிற்பார். திட்டம் இல்லாத மேல் வகுப்புகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் இலைக்கஞ்சி கொடுக்க ஊர்க் கோயிலோ தேவாலயமோ முன்வரும், கேட்டால்.

ஊர் வாய் திறக்காத விஷயம்

சில பள்ளிக்கூடங்கள் வெறிச்சோடுவதற்குக் காரணம் ஆசிரியரும் இல்லை, மலசலகூடமும் இல்லை. அங்கே எந்தச் சாதிப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதுதான் காரணம். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பாதிப் பொய். 1930ஐ ஒட்டிய வருடங்களில் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும், ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று சம ஆசனம், சம போசனம் கேட்டபோது பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்த ஊர் இது. இன்று வாங்கு ஒன்றுதான். ஆனால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று கட்டை தள்ளிப் பிள்ளையை அனுப்புகிற சில தாய் தகப்பனிடம் காரணம் கேட்டால் முகத்தைப் பார்க்காமல் பேசுவார்கள்.

இதற்கு என்னிடம் சுலபமான வழி இல்லை. நான் பார்த்ததில் பலன் தந்தது ஒன்று: ஊரில் மதிப்போடு இருக்கிற இரண்டு மூன்று குடும்பங்கள், அதிலும் ஆசிரியர், வைத்தியர், கிராம சேவையாளர் குடும்பங்கள், தங்கள் பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குச் சேர்த்தன. அடுத்த வருடம் இன்னும் நாலு வந்தது. அபிவிருத்திச் சங்கத்தின் நிர்வாகத்திலும் அங்கே படிக்கிற பிள்ளைகளின் தாய் தகப்பன் இருக்க வேண்டும், அவர்கள் பேச்சு அறிக்கையில் வர வேண்டும். பெரிய மனிதர்கள் வந்து உதவி செய்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவது அந்தப் பிள்ளைகளை இன்னும் குனிய வைக்கும்.

மூடுவதா, சேர்ப்பதா, கட்டுவதா

பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் பெரியதோடு சேர்க்கலாம் என்ற பேச்சு அடிக்கடி வரும். உயர்தர வகுப்பைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை சைக்கிளில் போகும், ஒரு நல்ல விஞ்ஞானகூடத்தை மூன்று பள்ளிக்கூடங்கள் முறை வைத்துப் பாவிப்பது மூன்று வெறும் அறைகளை விட எவ்வளவோ மேல். ஆரம்பப் பள்ளிக்கூடத்தை மூடவே விடாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பதுதான் அதன் முழுப் பெறுமதியும். அதை மூடினால் முதலில் நிற்கப்போவது ஆட்டோவுக்குக் காசு இல்லாத வீட்டுப் பிள்ளை.

உண்மையிலேயே சனம் கூடுகிற இடத்தில், குறிப்பாக மீள்குடியேறிய ஊர்களில், கட்டடம் தேவைதான். அப்போதும் ஐந்து வருட முதலாம் வகுப்பு எண்ணைக் காட்டி, கிராம சேவையாளரிடம் ஐந்து வயதுக்குக் கீழ் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எழுதி, அதை இணைத்து வலயத்துக்குக் கொடுங்கள். வகுப்பறை கட்டுவது அரசாங்கத்தின் வேலை, அதற்கு ஒதுக்கீடும் உண்டு. உங்கள் காசை அரசாங்கம் செய்ய வேண்டியதில் போடாமல் அதனால் செய்ய முடியாததில் போடுங்கள்.

காசு

காசு பள்ளிக்கூடத்தின் அபிவிருத்திச் சங்கக் கணக்குக்குப் போக வேண்டும், பற்றுச்சீட்டு வர வேண்டும், செலவு கூட்ட அறிக்கையில் பதிய வேண்டும். தனி ஆளின் கணக்குக்கு, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அனுப்ப வேண்டாம், பிறகு அந்த நல்லவரைத்தான் ஊர் கள்ளன் என்று சொல்லும். தவணைக்கு ஒருமுறை வரவு செலவைப் பள்ளிக்கூட அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் ஒரே தடவையில் பெரிய தொகை கேட்பதற்குப் பதிலாக மூன்று வருடத்துக்கு மாதம் சிறு தொகை என்று கேளுங்கள். சுத்திகரிப்புக்கு ஆள், வாசிப்பு உதவியாளருக்குப் போக்குவரத்து, நூலகத்துக்கு மாதம் பத்துப் புத்தகம், விடுதியின் மின்சாரக் கட்டணம், பஸ் பருவச்சீட்டு எடுக்க முடியாத பிள்ளைகளுக்கு அந்தக் காசு: எல்லாம் மாதாமாதம் வருகிற செலவுகள், இவற்றுக்குத்தான் எந்தத் திட்டத்திலும் இடம் இருப்பதில்லை. திறப்பு விழா வைக்க முடியாத செலவுகளும் இவைதான், அதனால்தான் காசு கொடுக்கிறவரிடம் நீங்கள் மறக்காமல் படமும் எண்ணும் அனுப்ப வேண்டும். "போன தவணை பந்தி வாசிக்க முடியாத பிள்ளைகள் இத்தனை, இந்தத் தவணை இத்தனை" என்று இரண்டு வரி எழுதுங்கள்.

எப்போது தொடங்குவது

முதலாம் வகுப்பு விண்ணப்பம் வருடத்தின் நடுப்பகுதியில் கோருவார்கள். அதற்குள் ஊருக்கு ஏதாவது மாற்றம் கண்ணில் தெரிய வேண்டும். ஆகவே ஜனவரி, பெப்ரவரியில் கொப்பியை நிரப்புங்கள். மார்ச் மாதத்துக்குள் மரத்தடி வாசிப்புச் சோதனை. இரண்டாம் தவணை தொடங்கியதும் ஆளணிக் கடிதம், அதே கிழமையில் கொழுக்கி, வாளி, தண்ணீர்க் குழாய். வாசிப்பு வகுப்பு ஆறு கிழமை நடந்த பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாத பக்கத்து வீட்டுத் தாய் தகப்பனைக் கூப்பிடுங்கள், மேடையும் மாலையும் வேண்டாம், வகுப்பறைக்குள் கூட்டிக்கொண்டுபோய் இருத்தி நாலாம் வகுப்புப் பிள்ளை வாசிப்பதைக் கேட்க விடுங்கள்.

முதல் கூட்டத்துக்குப் பெரிய கூட்டம் சேர்க்க வேண்டாம். அதிபர், இரண்டு ஆசிரியர், மூன்று தாய் தகப்பன், ஒரு பழைய மாணவர் போதும். ஒருவர் வளைவைப் பற்றிப் பேச்சு எடுப்பார். கொப்பியைத் திறந்து ஆசிரியர் இல்லாத பாடங்களின் பக்கத்தை அவர் கையில் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.